சவுனா அழைப்பை ஏன் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: வரும் பிப்ரவரியில் நானும் என் கணவரும் பின்லாந்து செல்கிறோம். தம்பெரே நகரில் பணிபுரியும் எங்கள் மகனின் மேலாளர், ஏரிக்கரையில் உள்ள தம் வீட்டுக்கு எங்களை அழைத்திருக்கிறார். அங்கே சவுனா எனப்படும் வெப்பக் குளியல் அறையில் உட்காரச் சொல்வார்களாம். அவர் மனம் நோகாமல் அதைத் தவிர்ப்பது எப்படி? குளிருக்கு என்ன வாங்குவது, வடதுருவ ஒளியைக் கட்டாயம் பார்க்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட மூன்றில் முதல் கேள்வியிலேயே என் மனம் நின்றுவிட்டது. ‘தவிர்ப்பது எப்படி’ என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பயணம் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பலவும் இதையேதான் கேட்கின்றன: அவர்களுடைய சாப்பாட்டைத் தவிர்ப்பது எப்படி, அவர்களோடு பேசுவதைத் தவிர்ப்பது எப்படி, இப்போது அவர்களுடைய குளியலைத் தவிர்ப்பது எப்படி. பல லட்சம் ரூபாய் செலவழித்து ஒரு நாட்டுக்குப் போய், அந்த நாட்டு மனிதர்களின் வாழ்க்கையைத் தொடாமல் திரும்புவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், தேவைப்படும்வரை எழுதுவேன்.

உங்கள் மகனின் மேலாளர் உங்களுக்கு அளித்திருப்பது, ஒரு பின்லாந்துக்காரர் விருந்தினருக்கு அளிக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதைகளில் ஒன்று. ஏறத்தாழ 56 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன. வீட்டில், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், ஏரிக்கரைக் குடிலில், நாடாளுமன்றக் கட்டடத்திலும்கூட அது உண்டு. மின்சாரமும் மருத்துவமனையும் எட்டாத காலத்தில் கிராமத்துப் பெண்கள் பிள்ளை பெற்றது சவுனாவில்தான்; இறந்தவரைக் கடைசியாகக் கழுவியதும் அங்கேதான். சவுனாவில் கோவிலில் இருப்பதைப்போல இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழமொழி. 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் பாட்டனார்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எப்படியோ, அவர்களுக்குச் சனிக்கிழமை மாலைச் சவுனா அப்படி. நாம் அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம். அவர்கள் விடவில்லை.

அரசியலும் அங்கே நடந்திருக்கிறது. 1960இல் அதிபர் ஊர்ஹோ கெக்கொனென் தம் அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்திருந்த சோவியத் தலைவர் குருஷேவைத் தம் இல்லத்துச் சவுனாவுக்கு அழைத்துச் சென்று, விடியும்வரை உடன் இருந்தார். மேற்கு ஐரோப்பிய நாடுகளின் வணிக அமைப்போடு பின்லாந்து உடன்பாடு செய்துகொள்ள மாஸ்கோவின் மறுப்பு தடையாக நின்ற காலம் அது. அடுத்த ஆண்டே அந்த உடன்பாடு கையெழுத்தாயிற்று. அத்தகைய அறைக்குள் உங்களை அழைக்கிறார்கள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் தயக்கம் எதைப் பற்றியது என்பது எனக்குப் புரிகிறது, அது நியாயமானதும்கூட. ஆடையின்றி உட்காருவது அவர்கள் வழக்கம் என்பது உண்மை. ஆனால் வீட்டுச் சவுனாவில் பெண்கள் ஒரு முறையும் ஆண்கள் ஒரு முறையும் தனித்தனியே செல்வார்கள்; கணவனும் மனைவியும் தங்களுக்கென ஒரு முறை கேட்டு வாங்கிக்கொள்வதும் இயல்பே. பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார விரும்புவதாக முன்கூட்டியே மகன் மூலம் சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். பொது நீச்சல் குளங்களில் உள்ள சவுனாக்களில் மட்டும் நீச்சலுடையோடு நுழையக் கூடாது என்ற விதி இருக்கும். அங்கே போனால் அறிவிப்பைப் படித்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

முதலில் நன்றாகக் குளித்துவிட வேண்டும். பலகையின் மேல் சிறு துண்டை விரித்து அதன் மேல் உட்கார வேண்டும். அறையின் வெப்பம் பெரும்பாலும் 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மேல் பலகையில் சூடு அதிகம், கீழ்ப் பலகையில் குறைவு. நீங்கள் கீழே உட்காருங்கள். தோடு, வளையல் முதலிய நகைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள், ஏனெனில் உலோகம் சூடேறித் தோலைச் சுடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பாவிட்டால் அது உடம்பில் நேரடியாகப் படாதபடி துணியை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் மேல் அடுக்கியிருக்கும் கற்களில் அகப்பையால் நீர் ஊற்றுவார்கள். எழும் ஆவியை அவர்கள் ‘லோய்லு’ என்பார்கள். அடுத்தவர்களைக் கேட்டுவிட்டு ஊற்றுவதுதான் முறை. பிர்ச் மரத்தின் இலைக்கொத்தால் உடம்பைத் தட்டிக்கொள்வதும் உண்டு. கோடையில் கட்டிய கொத்தைக் குளிர்பெட்டியில் உறைய வைத்துக் குளிர்காலத்துக்குப் பாதுகாப்பார்கள். அதன் மணம் உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். போதும் என்று தோன்றியதும் எழுந்து வெளியே வந்துவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. உறைந்த ஏரியில் துளையிட்டு அதற்குள் இறங்குவதையும் காண்பீர்கள். அதில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். உங்களில் யாருக்கேனும் இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதையே அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். அது ஒன்றுதான் நான் ஏற்கும் காரணம்.

சவுனாவுக்குள் பேச்சு குறைவாக இருக்கும். வெளியிலும் அப்படித்தான். இருவர் உரையாடும்போது இடையில் நீண்ட மௌனம் விழுந்தால், அதை நிரப்ப வேண்டிய பள்ளமாக அவர்கள் கருதுவதில்லை. அவர்கள் சினந்துவிட்டார்கள் என்று எண்ணி நீங்கள் பதறிப்போய்ப் பேசத் தொடங்க வேண்டாம். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். செருப்பை வாசலில் கழற்றும் வழக்கம் நம்முடையதைப் போன்றதே என்பதால் அதில் உங்களுக்குச் சிரமமிராது. அன்பளிப்பாக நம் ஊரில் வறுத்து அரைத்த காப்பிப் பொடியைக் கொண்டுபோங்கள். உலகில் ஆளுக்கு அதிகமாகக் காப்பி குடிக்கும் மக்களில் அவர்களும் சேர்ந்தவர்கள், எனவே மனமார மகிழ்வார்கள். சவுனா முடிந்ததும் இறைச்சிக் குழல் (சாசேஜ்) சுட்டுத் தருவது வழக்கமாதலால், நீங்கள் சைவராக இருந்தால் அதையும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

மகனுக்காக நெய், பால்கோவா, கறிவேப்பிலை என்று பெட்டி கட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவர அனுமதியில்லை. 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய், கனி, இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. விமான நிலையத்தில் கறிவேப்பிலைக் கட்டைக் குப்பைத் தொட்டியில் போட நேர்வது எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

குளிருக்கு வருவோம். இங்கே கடைகடையாக ஏறி மொத்தமான கம்பளிச் சட்டைகளை வாங்கிக் குவிக்காதீர்கள். அங்கே வீட்டுக்குள் எப்போதும் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் என்பதால் அவற்றைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார முடியாது. உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்று புகாத மேலங்கி என மூன்று அடுக்கு போதும். பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து குளிரைக் கூட்டும், ஆகவே வேண்டாம். மேலங்கியையும் காலணியையும் அங்கேயே, மகனின் துணையோடு, பிறர் பயன்படுத்திய பொருள்களை விற்கும் கடைகளில் நல்ல விலைக்கு வாங்கலாம். காலணி சற்றுப் பெரிதாக, உள்ளே கம்பளிக் காலுறைக்கு இடம்விட்டு இருக்கட்டும். உங்கள் வயதினருக்குக் குளிரைவிட வழுக்கும் பனிக்கட்டியே பெரிய ஆபத்து. காலணியின் அடியில் மாட்டும் முள் பட்டையை நீங்கள் போய் இறங்கும் முன்பே வாங்கி வைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். இருட்டில் சாலையில் நடப்பவர் ஒளியை எதிரொளிக்கும் வில்லையை அணிய வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. மேலங்கியின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் தொங்கும்படி அதைக் கட்டிக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் தம்பெரேயில் பகற்பொழுது ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான்.

வடதுருவ ஒளி கட்டாயம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் இதை எழுதியபோது, ஒரு பயண நிறுவனத்தின் உரிமையாளர் தம் வணிகத்தைக் கெடுப்பதாகச் சினந்து கடிதம் எழுதினார். என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் நம் காற்று மண்டலத்தில் மோதுவதால் எழும் ஒளி அது. துகள்கள் வந்தாலும், மேகம் மூடியிருந்தால் தெரியாது. அதை நூறு விழுக்காடு உறுதி என்று அச்சிட்டு விற்பவர், முதியவர்களின் சேமிப்பைப் பொய் சொல்லி வாங்குகிறார். ஒரே இரவை நம்பிப் போகாதீர்கள். தென்பகுதியிலுள்ள தம்பெரேயில் வாய்ப்பு குறைவு; வடகோடியிலுள்ள லாப்லாந்துக்கு, இயன்றால் அங்குள்ள இனாரி என்னும் ஊர் வரைக்கும் சென்று, மூன்று நான்கு இரவுகளேனும் தங்குங்கள். வானம் தெளியாவிட்டாலும் இனாரியில் சாமி பழங்குடியினரின் வரலாற்றைச் சொல்லும் சீடா (Siida) அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்காகவே அவ்வளவு தொலைவு போகலாம்.

அங்கே ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். துருவ மான் வளர்ப்பவரிடம் எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது, வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். காட்டில் தானாகத் திரியும் ஒவ்வொரு மானுக்கும் உரிமையாளர் உண்டு. சாமி மக்களின் மரபுடையைப் போன்ற போலி உடைகளைப் படம் எடுப்பதற்காக மாட்டிக்கொள்வதும் வேண்டாம். அந்த உடையின் வேலைப்பாடு அணிந்திருப்பவரின் ஊரையும் குடும்பத்தையும் சொல்லும். பிறர் அதை வேடமாக அணிவது அவர்களைப் புண்படுத்துகிறது.

விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து புறப்படும் இரவு ரயில் தம்பெரே வழியாக லாப்லாந்திலுள்ள ரொவனியெமி நகருக்குச் செல்கிறது, அங்கிருந்து இனாரிக்குப் பேருந்து உண்டு. பிப்ரவரி பிற்பாதியில் பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை தொடங்கி, படுக்கை வசதியுள்ள இடங்கள் வெகு விரைவில் தீர்ந்துவிடும். எனவே விசா கைக்கு வந்த அன்றே பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்படி மகனிடம் சொல்லிவிடுங்கள்.