பயர்பாக்ஸில் டார் ப்ராக்ஸி வைத்தால் போதுமா?

கேள்வி: லேப்டாப்பில் டார் (இணையத்தில் நாம் யாரென்பதை மறைக்க உதவும் மென்பொருள்) நிறுவி, பயர்பாக்ஸில் ப்ராக்ஸியாக, அதாவது இணைப்பை நடுவில் நின்று வாங்கி அனுப்பும் இடமாக, 127.0.0.1, போர்ட் 9050 என்று கொடுத்துவிட்டேன். இனி நான் எந்தத் தளம் பார்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அதே செட்டிங்ஸில் ப்ராக்ஸி வகையாக சாக்ஸ் வி5-ஐத் தேர்ந்தெடுத்து, டிஎன்எஸ்ஸையும் (தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் முகவரி எண்ணைக் கேட்கும் வேலை) ப்ராக்ஸி வழியாக அனுப்பச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கம் டார் வழியாக வரும், ஆனால் தளத்தின் பெயரை பிரவுசர் உங்கள் இணைய நிறுவனத்திடமே நேராகக் கேட்டுக்கொண்டிருக்கும், முகத்தை மூடிக்கொண்டு வாசலில் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது மாதிரி. டார் உங்கள் இணைப்பை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. முதலாவதற்கு உங்களைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக்கு இடம் தெரியும், ஆளைத் தெரியாது. அந்தக் கடைசிக் கணினி யாருடையதோ! எச்டிடிபிஎஸ் (தகவலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறை) இல்லாத தளமென்றால் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை அவர் அப்படியே படிக்கலாம். அப்புறம், சாதாரண பயர்பாக்ஸில் குக்கி (தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), ஃபாண்ட், திரை அளவு இவற்றை வைத்தே ஆளை அடையாளம் காண வழி இருக்கிறது. அதனால் இந்த ப்ராக்ஸி வேலையை விட்டுவிட்டு டாருக்கென்றே செய்த டார் பிரவுசரையே இறக்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதிலும் போய் ஜிமெயிலில் லாகின் செய்தால் நீங்கள் யாரென்று கூகுளுக்குத் தெரியும், சொல்லிவிட்டேன்.