தோட்டத்துக்கு வரும் சமூகப் பயிற்றுநர் புத்திமதி சொல்லத்தானா வருகிறார்?

குடும்பம், உறவு, வேலை எல்லாவற்றுக்கும் வழிகாட்ட உங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சமூகப் பயிற்றுநர் என்று ஒருவர் வரப்போகிறார், அவர் என்ன செய்வார் என்று கேட்டிருந்தீர்கள்.

புத்திமதி சொல்ல நமக்கு ஆள் பஞ்சமா என்ன? லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீடுகளுக்கு, நான்கு பேர் இருக்கிறார்கள். பயிற்றுநர் காது கொடுத்துக் கேட்பார், கேள்வி கேட்பார். என்ன மாற வேண்டும் என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்யும்.

வீட்டுச் சண்டையையும் வேலையையும் பிரிக்க முடியாது. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த அன்று இரவு யோசித்துப் பாருங்கள்! அல்லது அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய மகன் கொழும்புக் கடைக்குக் கிளம்புகிறான் என்று வையுங்கள். "போகாதே" என்று தடுப்பதில் பயனில்லை. அவனுக்கு மோட்டார் வேலை பிடிக்குமென்றால், தொழிற்பயிற்சி அதிகார சபையின் பாடநெறியில் சேர்ந்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். பஸ் காசு யார் தருவது என்று அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேச வைப்பதுதான் பயிற்றுநரின் உண்மையான வேலை. அப்புறம், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டியதுதான். பாதி நேரம் இதிலேயே போய்விடும்.

அடி, உதை இருக்கும் வீட்டில் இந்த முறை சரிவராது. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற எண்களை முதலில் அழையுங்கள்.

சரி, வருபவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: பேசியது தொழிற்சங்கத் தலைவருக்கோ, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கோ போகுமா? லயத்துச் சுவருக்கும் காது உண்டு, அதனால் கோயில் மண்டபம் போல வெளியே சந்திப்பது நல்லது.