சீட்டுக் கொப்பியும் அனுபவம்தான்

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வீடு. கொழும்பில் ஒரு நிதி நிறுவனம் காசாளர் வேலைக்காக, அடுத்த வாரம் காலை 9 மணிக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறது. சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். லயத்துப் பெண்களின் சீட்டுக் கொப்பியை எழுதுவதைத் தவிர அனுபவம் எதுவும் இல்லை. எப்படித் தயாராவது?

பதில்: 'தவிர' என்று ஒதுக்கிவிட்டீர்களே தங்கச்சி, பேச வேண்டியதே அந்தக் கொப்பியைப் பற்றித்தான்.

ஆள் எடுக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பிள்ளைகள் பெயர், ஊர், பாடசாலை என்று சுயவிவரத்தில் இருப்பதையே ஒப்பிப்பார்கள். கடைசியில் 'கடின உழைப்பாளி' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். கேட்கிறவருக்கு அதுவா வேண்டும்? அடுத்தவர் காசை இந்தப் பிள்ளையிடம் நம்பிக் கொடுக்கலாமா என்றுதான் அவர் பார்க்கிறார்.

ஆகவே கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு, பிந்திக் கட்டுகிறவரிடம் எப்படிப் பேசினீர்கள், கணக்கு உதைத்த மாதம் என்ன செய்தீர்கள்? "ஒரு தடவை 500 ரூபாய் குறைந்தது. வரிவரியாகப் பார்த்தேன், ஒரு அக்கா பாதிதான் கட்டியிருந்தார்" என்பது போல, உங்களுக்கு நடந்ததை நடந்தபடி இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம்; இடையில் ஒரு கேள்வி விழுந்தால் எல்லாம் மறந்துபோகும்.

சிங்களத்துக்குப் பயப்பட வேண்டாம். "மட்ட சிங்ஹல டிக்கக் தேரெனவா, கருணாகரலா ஹெமின் கியன்ன" (எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும், தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்) என்று சொல்லத் தெரிந்தால் போதும், கேட்கிறவர் வேகத்தைக் குறைப்பார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு முழிப்பதுதான் கெடுதல். மலையகக் கிளைகளுக்குத் தமிழில் பேசி அடகும் வைப்பும் விளக்கக்கூடிய ஆள் வேண்டும் என்பதையும் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

தோட்டத்து முகவரியை மறைத்து, கொழும்பு மாமா வீட்டு முகவரியைக் கொடுக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். ஆனால் கடிதம் தோட்ட ஆபீஸைச் சுற்றி உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் போய்விடும். தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

ஆவணங்களை இன்றைக்கே விரித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது நம் பக்கத்தில் சகஜம். அப்படியென்றால் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் போகவே வேண்டாம்.

9 மணி என்றால் அன்று விடிய பஸ் ஏறுவது ஆபத்து. நான்கைந்து மணி நேரப் பயணம். மழை பெய்தால் கினிகத்தேனைப் பக்கம் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். ஹட்டனில் போட்ட சுவெட்டர் அவிசாவளையில் வேர்க்கும். நேர்முகத்துக்கான உடுப்பைப் பையில் கொண்டுபோய் அங்கே மாற்றுவதுதான் சரி.

சம்பளம் பேசும்போது, சொல்கிற தொகை கைக்கு வருவதா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் வெட்டுவார்கள். 35,000 ரூபாய்க்கு அது 2,800 ரூபாய். நிறுவனம் போட வேண்டிய 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாதவை. வேலை கொழும்பில்தானா, ஹட்டன் கிளையிலா என்பதையும் அப்போதே கேளுங்கள். கொழும்பு என்றால் போடிங் வாடகையைக் கழித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.