'எஃபெமரல்' (ephemeral) என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது?

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் என் ஹாஸ்டல் முகவரியை 'எஃபெமரல் அட்ரஸ்' என்று எழுதியிருக்கிறேன். அகராதியில் 'குறுகிய காலமே இருப்பது' என்றுதான் பொருள் போட்டிருக்கிறது. ஆனால் தோழி தவறு என்கிறாள். 'டெம்பரரி'க்குப் பதில் இதைப் போடக்கூடாதா? எப்படி உச்சரிப்பது?

பதில்: உங்கள் தோழி சொல்வதுதான் சரி, அனுப்புவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். 'டெம்பரரி அட்ரஸ்' என்று எழுதலாம், 'பிரசன்ட் அட்ரஸ்' என்றால் இன்னும் நல்லது, நம் ஊர் விண்ணப்பப் படிவங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு விஷயம் கொஞ்ச காலம்தான் இருக்கும் என்றால் அதை முடித்துவைப்பது யார் என்று பாருங்கள். மனிதர்கள் ஏற்பாடு செய்து, மனிதர்களே முடித்துவைப்பது டெம்பரரி: ஒப்பந்த வேலை, வாடகை அறை, மாற்றுப்பாதை, உங்கள் ஹாஸ்டல். யாரும் முடிக்காமல், தன் இயல்பாலேயே மறைந்துபோவது எஃபெமரல். திடீர்ப் புகழ், இந்த வருட ஃபேஷன், கோலத்தின் அழகு, இவற்றுக்கெல்லாம் அது கச்சிதமாகப் பொருந்தும். நிலைக்கவில்லையே என்ற லேசான ஏக்கமும் பல இடங்களில் அதில் ஒட்டியிருக்கும், அதனால்தான் முகவரிக்குப் போட்டால் படிப்பவருக்கு விசித்திரமாகப் படுகிறது.

இதன் வேர் கிரேக்கம். 'எபி' என்றால் மேல், 'ஹெமெரா' என்றால் நாள், இரண்டும் சேர்ந்து ஒரு நாள் மட்டும் இருப்பது என்று ஆனது. ஒரே நாளில் விட்டுவிடும் காய்ச்சலுக்குக்கூட மருத்துவர்கள் ஒரு காலத்தில் இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். மேஃப்ளை என்ற பூச்சியினத்தின் அறிவியல் பெயர் எஃபெமராப்டெரா, சிறகு முளைத்தபின் நம் ஈசலைப் போல அதற்கும் ஆயுள் மிகக் குறைவு, சில மணி நேரமோ ஓரிரு நாளோதான். (தண்ணீருக்குள் இளம்பூச்சியாக அது மாதக்கணக்கில் வாழ்கிறது என்பது வேறு விஷயம்.)

அப்புறம், துறைச் சொல்லாக வரும்போது அந்த ஏக்கமெல்லாம் கிடையாது, வெறும் தொழில்நுட்பப் பொருள்தான். நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறக்கும்போது உங்கள் கணினி அந்த இணைப்புக்கு மட்டும் ஒரு போர்ட் எண்ணை (வரும் தகவல் எந்த இணைப்புக்கு உரியது என்று காட்டும் அடையாள எண்) எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது, அதற்கு எஃபெமரல் போர்ட் என்று பெயர், 49152 முதல் 65535 வரையிலான எண்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நீரியலில், மழை பெய்தால் மட்டும் ஓடிவிட்டு வற்றிவிடும் ஓடை எஃபெமரல் ஸ்ட்ரீம். நூலகங்களில் டிக்கெட், துண்டுப்பிரசுரம், அழைப்பிதழ் போன்று அன்றன்றைய தேவைக்கு அச்சடித்தவற்றை எஃபெமரா என்று சேர்த்து வைப்பார்கள்.

பக்கத்துச் சொற்களையும் கலந்துவிடாதீர்கள். கண்ணில் பட்டு மறையும் புன்னகைக்கு 'ஃப்ளீட்டிங்', நொடிகளில் முடியும் தடுமாற்றத்துக்கு 'மொமென்டரி', வந்து தானாகவே நீங்கிவிடும் உடல் அறிகுறிக்கு மருத்துவ அறிக்கைகளில் 'டிரான்சியன்ட்'. அலுவலக மின்னஞ்சலில் சர்வர் கோளாறைச் சொல்ல இவற்றில் எதுவும் வேண்டாம், 'டெம்பரரி' அல்லது 'பிரீஃப்' போதும். எஃபெமரல் கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கும் சொல், கட்டுரைத் தேர்வில் 'இணையப் புகழ் எஃபெமரல்' என்று எழுதினால் அழகாக இருக்கும், விடுப்புக் கடிதத்தில் எழுதினால் உறுத்தும்.

உச்சரிப்பு: நாம் எழுத்தைப் பார்த்து 'எஃபெமரல்' என்கிறோம், ஆனால் முதல் ஒலி குறில் 'இ'. இ-ஃபெ-ம-ரல். அழுத்தம் 'ஃபெ' மேல் விழவேண்டும், வேகமாகப் பேசுபவர்கள் நடு 'ம'வை விழுங்கி 'இஃபெம்ரல்' என்பார்கள், அதுவும் சரிதான்.