‘ஆவரேஜ் பண்ணலாமா சார்?’: எஃப் அண்ட் ஓ கேள்வி-பதில்

எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பெரிய ஐம்பது பங்குகளின் குறியீடான நிஃப்டி “ஏறுமா, இறங்குமா” ரகம். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், பதில் வராது. எவ்வளவு பணம் வைத்தீர்கள், அடி விழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று எழுதியவர்களுக்கு மட்டும் பதில். போன முறையும் சொன்னேன்: முதல் (டிரேடிங்குக்கு ஒதுக்கிய பணம்) எவ்வளவு என்று எழுதாமல் “எத்தனை லாட் வாங்கலாம்” என்று கேட்காதீர்கள். இந்த முறையும் பலர் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

முதல் 2 லட்சம். நிஃப்டி கால் ஆப்ஷன் 120 ரூபாய்க்கு 20 லாட் வாங்கினேன். ஸ்டாப் லாஸ் 90. அளவு சரியா? (ஈரோடு வாசகர்)

முதல் எவ்வளவு என்று எழுதியதற்கு நன்றி. புதியவர்களுக்கு: கால் ஆப்ஷன் என்பது சந்தை ஏறினால் லாபம் தரும் ஒப்பந்தம், ஸ்டாப் லாஸ் என்பது நஷ்டத்தோடு வெளியே வர முன்பே குறித்து வைக்கும் விலை, லாட் என்பது ஒரே கட்டாக வாங்க வேண்டிய அளவு. லாட்டுக்கு 65 என்று வைத்தால் 1,300 யூனிட். ஸ்டாப் லாஸ் அடித்தால் யூனிட்டுக்கு 30 ரூபாய், மொத்தம் 39,000. அதாவது ஒரே டிரேடில் முதலில் ஐந்தில் ஒரு பங்கு. வரிசையாக ஐந்து முறை தோற்றால் கடை காலி. ஐந்து முறை வரிசையாகத் தோற்பது எவ்வளவு சாதாரணம் என்று உங்கள் புரோக்கர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு டிரேடில் முதலில் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 4,000 ரூபாய். அதை 30-ஆல் வகுத்தால் 130 யூனிட் சொச்சம், இரண்டு லாட். நீங்கள் வாங்கியது இருபது. ஒரு சைபர் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று, 90 என்று போட்டால் 90-இல் வெளியே வந்துவிடுவோம் என்று நம்பாதீர்கள். கிடைத்த விலைக்கு விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை, தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. ஆப்ஷனில் 2021-லேயே நிறுத்திவிட்டது. இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்த ஸ்டாப் லாஸ்தான் போட முடியும். விலை உங்கள் லிமிட்டைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் அங்கேயே நிற்கும், விலை மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே கணக்குப் போடும்போது 30 ரூபாய்க்குப் பதில் 40 என்று போடுங்கள்.

போட்ட முதலில் பாதி போய்விட்டது. மீட்க எத்தனை சதவீதம் லாபம் வேண்டும்? (மதுரை)

100. ஐம்பது இல்லை. 20 சதவீதம் போனால் 25 வேண்டும், 80 போனால் 400 வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக, ஏணி அதைவிட வேகமாக நீள்கிறது.

நிஃப்டி புட் (சந்தை இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்) 200-க்கு ஒரு லாட் வாங்கினேன். 140-க்கு வந்தபோது இன்னொன்று. 80-இல் இரண்டு. சராசரி 125. இப்போது விலை 35, நாளை மறுநாள் எக்ஸ்பைரி (கெடு நாள்). இன்னும் நாலு லாட் எடுத்தால் சராசரி 80-க்கு வந்துவிடும். ஆவரேஜ் பண்ணலாமா சார்? (திருப்பூர்)

இந்தக் கேள்வி எனக்கு வராத வாரமே இல்லை. ஸ்ட்ரைக் (ஆப்ஷனின் ஒப்பந்த விலை) மாறும், ஊர் மாறும், கேள்வி மட்டும் மாறாது. ஆகவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில்.

பங்கு வாங்கி ஆவரேஜ் செய்த பழக்கத்தை ஆப்ஷனுக்குக் கொண்டுவருகிறீர்கள். நல்ல கம்பெனிப் பங்கு 400-இலிருந்து 300-க்கு இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டுவிட்டு இரண்டு வருடம் காத்திருக்கலாம், பங்குக்குக் கெடு கிடையாது. நீங்கள் வாங்கியிருக்கும் புட்டுக்கு நாளை மறுநாள் மூன்றரை மணியோடு ஆயுள் முடிகிறது. நிஃப்டி அசையாமல் நின்றாலே பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, கரையும். கரையும் பொருளை மலிவாகிவிட்டது என்று வாங்கிக் குவிப்பதற்குப் பெயர் ஆவரேஜா?

உங்கள் கணக்கையே பாருங்கள். முதல் லாட்டுக்கு வைத்தது 13,000. அதுதான் உங்கள் மனம் ஒப்புக்கொண்ட நஷ்டம். இப்போது உள்ளே இருப்பது 32,500. இன்னும் நாலு எடுத்தால் 41,600. முதல் முடிவு தப்பு என்று மார்க்கெட் மூன்று முறை சொல்லியிருக்கிறது, இரண்டு முறை நீங்கள் பந்தயத்தைக் கூட்டியிருக்கிறீர்கள், மூன்றாவது முறையும் கூட்டக் கேட்கிறீர்கள். “சராசரி 80-க்கு வந்துவிடும்” என்கிறீர்களே, 35-இலிருந்து 80-க்கு இரண்டு நாளில் விலை இரு மடங்குக்கு மேல் போக வேண்டும், அதுவும் வெறுமனே அசலைப் பார்க்க. உங்கள் சராசரி உங்கள் ஸ்க்ரீனில் மட்டும் இருக்கும் எண். மார்க்கெட்டுக்கு அது தெரியாது.

சூதாட்ட மேசையில் இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர்: தோற்றால் இரட்டிப்பு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும். 1,000 ரூபாயில் தொடங்கி வரிசையாக ஏழு தோல்வி வந்தால் போனது 1,27,000. எட்டாவது ஆட்டத்துக்கு 1,28,000 வைக்க வேண்டும், ஜெயித்தால் நிகர லாபம் ஆயிரம் ரூபாய். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டத்தை 200 முறை ஆடினால் ஏழு தோல்வி வரிசையாக ஒருமுறையாவது வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு. ஜெயிக்கிற நாட்களில் இந்த முறை அற்புதமாகத் தெரியும், ஆபத்தே அதுதான்.

நிக் லீசன் கதை தெரிந்திருக்கும். பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் கிளையில் நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். ஆரம்பத்தில் இரட்டிப்பு அவருக்குக் கைகொடுத்தது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம். ஜப்பான் சந்தை விழ, அவர் ஜப்பான் பங்குக் குறியீடான நிக்கேயின் ஃபியூச்சர்ஸை மேலும் மேலும் வாங்கினார். பிப்ரவரி முடிவதற்குள் நஷ்டம் 80 கோடி பவுண்டைத் தாண்டியது. 1762-இல் தொடங்கிய வங்கி ஒரு பவுண்டுக்கு விலைபோனது. திருப்பூரில் நாலு லாட், சிங்கப்பூரில் பல்லாயிரம் கான்ட்ராக்ட். செய்த காரியம் ஒன்றேதான்.

பிரித்துப் பிரித்து வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். ஆனால் நுழையும் முன்பே “மொத்தம் மூன்று லாட், மூன்றும் சேர்ந்து நஷ்டம் 2 சதவீதத்துக்குள், இந்த விலையில் மூன்றும் வெளியே” என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அடி விழுந்த பிறகு போடுவது திட்டம் ஆகாது. உங்கள் கேள்விக்கு நேர் பதில்: எடுக்காதீர்கள். இருப்பதையும் விற்று, வருகிற 35-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐ.பி.எல். பெட்டிங் ஆப்பில் தினமும் எத்தனை சதவீதம் வைப்பது பாதுகாப்பு? (கோவை)

பூஜ்யம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. ஜெயித்த பணத்தை அந்த ஆப் தரவில்லை என்றால் எந்த ஆபீஸில் போய்ப் புகார் கொடுப்பீர்கள்?

இங்கே பெட்ஃபேர் என்ற பந்தயத் தளத்தில் கால்பந்து டிரேடிங் செய்கிறேன். வெல்ல வாய்ப்பே இல்லாத அணிக்கு எதிராக 12-இல் 50 பவுண்ட் லே செய்தேன் (ஜெயிக்காது என்று பந்தயம் கட்டினேன்). கடைசி நிமிடத்தில் ஜெயித்துவிட்டார்கள். 550 பவுண்ட் போனது. வைத்தது 50 தானே? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

வைத்தது 550. அந்த 50, எதிராளி வைத்த பணம், நீங்கள் ஜெயித்தால் கிடைக்க வேண்டியது. லே செய்யும்போது பொறுப்புத் தொகை, விலையில் ஒன்றைக் கழித்து ஸ்டேக்கால் பெருக்கினால் வரும்: 11 × 50. ஆர்டர் போடும் இடத்திலேயே அதைக் காட்டியிருப்பார்கள், நீங்கள் பார்க்கவில்லை. 50 பவுண்ட்தான் இழக்கத் தயார் என்றால் லே ஸ்டேக் நாலரை பவுண்ட். எதிராளி வென்றால் எவ்வளவு போகும் என்பதில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

கடிதத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது: “70-ஆவது நிமிடத்தில் சின்ன நஷ்டத்தோடு வெளியே வந்திருக்கலாம், விட்டுவிட்டேன்.” டிரேடாக உள்ளே போய்ப் பந்தயமாக முடித்திருக்கிறீர்கள். டிவியில் நீங்கள் கோலைப் பார்க்கும்போது அது நடந்து சில நொடி ஆகியிருக்கும். கடைசி நேரத்தில் வெளியே வரலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. டெபாசிட் லிமிட் இன்றே வையுங்கள். கிரெடிட் கார்டில் சூதாடக் கூடாது என்று உங்கள் நாட்டில் 2020-லேயே தடை வந்துவிட்டது. ஓவர்டிராஃப்ட்டில் எடுத்துப் போட்டாலும் அது கடன்தான்.

காலையில் 8,000 நஷ்டம். மதியத்துக்குள் எடுத்துவிடலாம் என்று ஐந்து மடங்கு லாட் போட்டு 60,000 போனது. கோபத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? (சேலம்)

தியானம் செய்யுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நேரத்தில் எந்தத் தியானமும் நினைவுக்கு வராது. கோபம் வரட்டும், பணம் மட்டும் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பல புரோக்கர்களிடம் கில் ஸ்விட்ச், அதாவது டிரேடிங்கை முடக்கும் பொத்தான், இருக்கிறது. ஒரு டிரேடுக்கு ஒப்புக்கொண்ட நஷ்டத்தின் மூன்று மடங்கு ஒரே நாளில் போய்விட்டால் அதை அழுத்துங்கள், அன்றைக்குக் கடை மூடியாயிற்று. டிரேடிங் கணக்கில் அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். மீதி வேறு வங்கியில், முடிந்தால் யு.பி.ஐ. இணைக்காத கணக்கில்.

நஷ்டம் வந்த மறுநாள் பாதி அளவு. ‘எடுக்க வேண்டியது’ என்று ஒன்று கிடையாது. அந்த 8,000 இப்போது வேறொருவர் பணம்.

பெரிய லாபம் வந்த மறுநாளும் இதே விதிதான் என்றால் யாரும் கேட்பதில்லை. “லாபப் பணம்தானே” என்று இரண்டு மடங்கு லாட் போடுகிறவர்களின் கடிதம் அடுத்த மாதம் வந்துவிடும்.

ஐந்து லட்சம் முதல். வாராவாரம் நிஃப்டி ஸ்ட்ராங்கிள் (சந்தை விலையிலிருந்து தள்ளி ஒரு கால், ஒரு புட்) விற்கிறேன். பத்துக்கு ஒன்பது வாரம் லாபம், ஐயாயிரம் தேறுகிறது. மார்ஜின் இடம் கொடுக்கிறது. லாட் கூட்டலாமா? (நாகர்கோவில்)

மார்ஜின் என்பது புரோக்கர் தன் பாதுகாப்புக்குக் கேட்கும் தொகை. உங்கள் நஷ்டத்துக்கு அது எல்லை இல்லை. அளவை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பத்தாவது வாரம்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முந்தைய நாள் 23,264-இல் முடிந்த நிஃப்டி 21,884-இல் முடிந்தது, 1,380 புள்ளி. நடுவில் இன்னும் ஆழம் போய் வந்தது. நீங்கள் 2 சதவீதம் தள்ளிப் புட் விற்றிருந்தால், இன்றைய லாட் அளவில் லாட்டுக்கு ஏறக்குறைய 60,000 நஷ்டம். மூன்று லாட் என்றால் முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரே நாளில். கால் பக்கம் பயமில்லை என்பவர்கள் 2009 மே 18-ஐத் தேடிப் பாருங்கள். அதுவும் தேர்தல் முடிவுக்குப் பிந்தைய முதல் வர்த்தக நாள். மேல் சர்க்கியூட் (ஏற்றத்துக்கான வரம்பு) அடித்து வர்த்தகமே நின்றது. விற்றவர்களுக்கு வெளியே வர வழியே இல்லை.

கூட்டாதீர்கள். இரண்டு பக்கமும் தள்ளி ஒரு ஆப்ஷன் வாங்கி வையுங்கள். லாபம் ஐயாயிரத்திலிருந்து மூவாயிரமாகக் குறையலாம். குறையட்டும்.

ஒரு டிரேடில் எவ்வளவு வைப்பது என்று சொல்லும் கெல்லி ஃபார்முலாவில் போட்டால் எனக்கு 10 சதவீதம் வருகிறது. நீங்கள் 2 என்கிறீர்களே? (தஞ்சாவூர்)

பெல் லேபின் ஜான் கெல்லி 1956-இல் எழுதிய கணக்கு சரியானதுதான். வெற்றி வாய்ப்பு 55 சதவீதம், லாபமும் நஷ்டமும் சமம் என்றால் 10 வரும். அந்த 55-ஐ எங்கே பிடித்தீர்கள்? கடிதத்தில் “கடைசி 20 டிரேடில் 11” என்று இருக்கிறது. இருபது டிரேடில் 55-க்கும் 50-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு டிரேட். உண்மை 50 என்றால் அதே ஃபார்முலா சொல்லும் பதில் பூஜ்யம். சில நூறு டிரேட் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அப்போதும் கெல்லி சொல்வதில் பாதி அல்லது கால் பங்குதான்.

பங்கு ஆப்ஷன் லாபத்தில் இருக்கிறது. எக்ஸ்பைரி நெருங்க, புரோக்கர் லட்சக்கணக்கில் மார்ஜின் கேட்கிறார். நான் பிரீமியம்தானே கட்டினேன்? (கரூர்)

பங்கு ஆப்ஷன்கள் 2019-இலிருந்து டெலிவரியில்தான் முடிகின்றன. லாபத்தில் இருக்கும் கால் ஆப்ஷனை எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் முழு லாட் பங்கையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் முன்பே விற்றுவிடுங்கள்.

மனைவியின் நகையை அடகு வைத்து 4 லட்சம் போட்டு, எல்லாம் போய்விட்டது. வீட்டில் தெரியாது. பர்சனல் லோன் ஒரு லட்சம் கிடைக்கும். அதை வைத்து டிரேட் செய்து நகையை மீட்டுவிடலாமா? (ஊர், பெயர் வேண்டாம்)

அந்த லோனை வாங்காதீர்கள்.

நகை வைத்து எஃப் அண்ட் ஓ வேண்டாம் என்று இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று. இனி அதைப் பேசிப் பயனில்லை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே கணக்கெடுத்திருக்கிறது: 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் அளவில். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். ஒரு லட்சத்தை ஐந்து லட்சமாக்கி நகையை மீட்பவர் அந்த ஒருவரிலும் அபூர்வம்.

புரோக்கர் ஆப்பில் எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்குங்கள். இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். அடகு வட்டி கட்டத் தவறினால் நோட்டீஸ் வீட்டுக்குத்தான் வரும், அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது இன்னும் கொடுமை. நகையைச் சம்பளத்தில் மாதாமாதம் அடைத்து மீட்கப் பாருங்கள், முடியாவிட்டால் ஒரு பகுதியை விற்று அடைப்பதைப் பற்றி இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். தூக்கம் வரவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். 14416, டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, கூப்பிடுங்கள். அடுத்த வாரம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை வருமான வரியில் காட்டலாமா? (வேலூர்)

காட்ட வேண்டும். இது வியாபார நஷ்டம், சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடகை, வட்டி வருமானத்தில் அந்த வருடமே கழிக்கலாம். மிச்சத்தை எட்டு வருடம் வரை அடுத்தடுத்த வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்டிருப்பது கெடு முடிந்து போன வருடத்து நஷ்டம் பற்றி. அது போனது போனதுதான், இந்த வருடத்துக்காவது ஆடிட்டரைச் சீக்கிரம் பாருங்கள்.