விட்டமின் ஏ குளிசை மார்பகப் புற்றுநோயைக் குணமாக்குமா?

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்றும், ரெட்டினாய்டு பற்றி யாரோ சொன்னதால் விட்டமின் ஏ குளிசையும் கரட் சாறும் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குளிசையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ரெட்டினாய்டு என்பவை விட்டமின் ஏ குடும்பத்து மருந்துகள். கலத்துக்குள் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியில் ஒட்டி, 'பெருகாதே, முதிர்ந்துவிடு' என்று மரபணுக்களைத் திருப்பக்கூடியவை. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் இது அற்புதமாகவே வேலை செய்தது. அந்த நம்பிக்கையில்தான் மார்பகப் புற்றுநோய்க்கும் முயன்றார்கள்.

இத்தாலியில் வெரோனேசி என்ற மருத்துவரின் குழு, ஏற்கெனவே சிகிச்சை முடித்த கிட்டத்தட்ட 3,000 பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஃபென்ரெட்டினைடு என்ற ரெட்டினாய்டு மருந்தை தினம் 200 மில்லிகிராம் வீதம் 5 வருடம் கொடுத்தது. 1999இல் வந்த முடிவு: மற்ற மார்பில் நோய் வருவது மொத்தத்தில் குறையவில்லை. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் மட்டும் ஒரு நல்ல அறிகுறி தெரிந்தது; எனக்கு அது முக்கியமாகப் படுகிறது, ஆனால் அதை வைத்து யாருக்கும் மருந்து எழுத முடியாது. சிலருக்கு மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறைந்தது.

கடையில் வாங்கும் விட்டமின் ஏ இந்த மருந்தே அல்ல. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்; கர்ப்பிணியென்றால் பிள்ளைக்கு ஆபத்து. நுவரெலியா கரட்டைச் சாப்பாடாகத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதற்காக கண்டியிலோ மஹரகமவிலோ கொடுத்த கிளினிக் திகதியைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், வீட்டில் மற்றப் பெண்களையும் சுகவனிதையர் கிளினிக்குக் கூட்டிப்போய் மார்பைப் பரிசோதித்துவிடுங்கள்.