விளையாட்டின் வழியாக வாழ்க்கைத் திறன் வளர்ப்பது என்றால் என்ன? ஆப்பிரிக்காவில் அது எப்படி நடக்கிறது?

பந்தை உதைக்கக் கற்றுக்கொடுக்கும்போதே பொறுப்பையும், கூடி உழைப்பதையும், முடிவெடுப்பதையும் பழக்குவதுதான் இது.

கென்யத் தலைநகர் நைரோபியில் மத்தாரே என்ற பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஓர் அருமையான விதியை வைத்தது: ஆட்டத்தில் வென்றால் மட்டுமல்ல, தெருக் குப்பையை அகற்றினாலும் அணிக்கு லீக் பட்டியலில் புள்ளி உண்டு. இளைஞர்களே நடுவர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள். பிறருக்காக உழைத்தவர்களுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைத்தது. முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு அணிகளுக்கு நடுவே விசிலுடன் நிற்கும் பையனை நினைத்துப் பாருங்கள். எந்த வகுப்பறை அந்த நிதானத்தைக் கற்றுத்தரும்?

அறிவுரை காதோடு போய்விடும். ஆட்டத்தில் செய்த தவறின் விளைவோ அந்த நிமிடமே தெரியும். மளிகைக் கடையில் சில்லறை எண்ணும் பிள்ளைக்குக் கணக்கு தானாகப் படிவதைப் போன்றது இது.

ஐரோப்பிய கிளப்புகளுக்கு வீரர்களைத் தேடும் வேலை இது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சங்கத்தில் பிறந்த மத்தாரே யுனைடெட் 2008-இல் கென்ய லீக்கை வென்றது உண்மைதான். ஆனால் அங்கே ஆடிய பெரும்பாலான பிள்ளைகள் தொழில்முறை வீரர்கள் ஆகவில்லை, புள்ளி விதியும் உதவித்தொகையும் அவர்களுக்காகவே உருவானவை.